பாட்டில் மெஷினோடு 14 மாதங்கள்

திருப்பூர் அவிநாசி சாலைப் பக்கம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாட்டில் மெஷின் வைத்து 14 மாதம் ஆகிறது. மொபைல் எண்ணைத் தட்டிவிட்டுக் காலி தண்ணீர் பாட்டிலை உள்ளே விட்டால், அதைச் சுழற்றி பார்கோடைப் படிக்கும், எடை பார்க்கும், சரியென்றால் கரக்கென்று நசுக்கித் தள்ளும். திரையில் ஒரு செடி கொஞ்சம் வளரும். சேர்ந்த பாயிண்டை மளிகைக் கடையில் கழித்துக்கொள்ளலாம்.

முதல் மாதம் திருவிழாதான். சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள். செடியை வளர்ப்பதற்காகவே பாட்டில் ஜூஸ் கேட்டு அழுத பிள்ளைகளும் உண்டு, எங்கள் வீட்டிலேயே. 2009இல் ஸ்டாக்ஹோமில் ஒரு பாட்டில் தொட்டிக்கு விளக்கும் ஒலியும் வைத்து, வீடியோ கேம் போல ஆக்கிவிட்டார்கள். ஒரே மாலையில் 100 பேர் வரை அதில் பாட்டில் போட்டார்களாம், பக்கத்திலிருந்த சாதாரணத் தொட்டிக்கு வந்தது 2 பேர். நம்புகிறேன். ஆனால் அது ஒரு மாலைக் கணக்கு.

எங்களுக்கு மூன்றாம் மாதத்திலேயே கூட்டம் கரைந்துவிட்டது. செடி அலுத்துப்போனதுதான் காரணம் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். தினமும் கீழே போய்வந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெஷின் வைத்த நிறுவனத்து ஆள் வாரம் ஒருமுறைதான் வருவார். உள்ளே இருக்கும் சாக்கு மூன்றே நாளில் நிரம்பிவிடும். மீதி நாளெல்லாம் 'தொட்டி நிறைந்துவிட்டது' என்று சிவப்பு எழுத்து. பையில் பத்துப் பாட்டிலோடு லிஃப்டில் இறங்கி வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போவார். இரண்டு தடவை அப்படி ஆனால் மூன்றாவது தடவை வரவே மாட்டார்.

இரண்டாவது மாடி அப்பத்தா வரமாட்டேன் என்றதற்குக் காரணம் வேறு. பாட்டிலை ஊறவைத்துக் கழுவி, லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தார். மெஷின் வெளியே தள்ளியது. "ஏங்கண்ணு, அழுக்குப் பாட்டில வாங்கிக்குது, கழுவுன பாட்டில வேண்டாங்குதே?" என்றார். லேபிளோடு பார்கோடும் போய்விட்டதே! உண்மையில் மறுசுழற்சிக்கு அவருடைய பாட்டில்தான் அருமையான சரக்கு. ஆலையில் லேபிளையும் பசையையும் நீக்கத்தான் பாடுபடுகிறார்கள். துண்டாக்கித் தண்ணீரில் போட்டால் பாட்டிலின் பெட் (PET) பிளாஸ்டிக் மூழ்கும், மூடி மிதக்கும், அப்படித்தான் பிரிப்பார்கள். அப்பத்தா பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டார்.

இங்கே பலருக்கும் நூலோடுதான் பிழைப்பு. அதனால் பாட்டில் எங்கே போய் நூலாகிறது, துணியாகிறது என்று சொன்னபோது செடியைவிட அது நன்றாக எடுபட்டது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு நீல ஜாக்கெட் போட்டுச் சென்றாரே, பழைய பாட்டிலிலிருந்து செய்த அந்தத் துணி நம் கரூரிலிருந்து போனது. அந்தச் செய்தியை மெஷின் பக்கத்தில் ஒட்டிய வாரம், பனியன் கம்பெனிக்குப் போகும் ஆட்களும் நின்று படித்தார்கள்.

டாஸ்மாக் பாட்டிலையும் பார்க்கிறோம். காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கி அப்புறம் கோவைக்கும் வந்தது. வாங்கும்போது 10 ரூபாய் கூட, காலி பாட்டிலைத் திருப்பினால் அந்த 10 ரூபாய் கைக்கு. திரையும் இல்லை, செடியும் இல்லை. கொடுத்தால் காசு, அவ்வளவுதான். எங்கள் மெஷினிடம் நான் எதிர்பார்த்ததும் அந்த நிச்சயம்தான்.

ஏழாம் மாதம் வழி பிறந்தது. கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருநாள், "சாவி எங்கிட்ட இருந்தா நானே மாத்திப்போடுவனுங்க" என்றார். நிறுவனத்திடம் வாதாடிச் சாவி வாங்கினோம். சாக்கு மாற்றுவதற்குத் தனிச் சம்பளம், பாட்டில் விற்ற காசும் அவருக்கே என்று சங்கத்தில் முடிவானது. இப்போது தினமும் காலையில் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிடுகிறார். சிவப்பு எழுத்தைப் பார்த்து மாதக் கணக்காகிறது. பெரியவர்கள் திரும்ப வருகிறார்கள், ஒருவரும் செடியைப் பார்ப்பதில்லை, போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். சாக்கு எத்தனை பாட்டில் பிடிக்கும், அதன் சாவி யாரிடம் இருக்கும்? லேபிள் இல்லாத பாட்டிலையும் வாங்கும் மெஷின் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே எடுங்கள். எங்கள் அப்பத்தா கழுவிய பாட்டில்களை இன்னும் அந்த அக்காவின் கையில்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.