26,500 ரூபாய் போச்சு: பசங்களுக்கு 'மினி கேமிங் பிசி' வாங்கறவங்க பணம் அனுப்பறதுக்கு முன்னாடி படிங்க

26,500 ரூபாய். கோபம் இன்னும் அடங்கலை, எழுத்து முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்குங்க. குறைஞ்ச விலையில பையனுக்கோ பொண்ணுக்கோ சின்னதா ஒரு கேமிங் பிசி தேடிட்டிருக்கிற எல்லாருக்கும் இந்தப் பதிவு. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில வரிசையா எழுதறேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

பழைய பொருள் வாங்க விற்க இருக்கிற ஒரு செயலி. அதுல ஒரு கடைக்காரர் போட்ட விளம்பரம்: "ஐ5, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி. மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5, வேலரன்ட் எல்லாம் ஓடும்." கடைசியில இருக்கிற ஜிடிஎக்ஸ்தான் கேம் படத்தை வரையற கிராஃபிக்ஸ் கார்டு. பக்கவாட்டுல கண்ணாடி, உள்ளே மூணு கலர் ஃபேன், படிக்கிற மேசை மூலையில அடங்கற சைஸ். ஐ5-ல எத்தனாவது ஜெனரேஷன்னு கேட்டதுக்கு, "கேமுக்கு கார்டுதான் சார் முக்கியம், பிராசசர் சும்மா"ன்னு பதில் வந்துச்சு. 6,500 அட்வான்ஸ், மீதி 20,000 வீடியோ காலில் ஓட்டிக் காட்டின பிறகுன்னு பேச்சு.

அந்த வீடியோ காலைப் பத்திச் சொல்லியே ஆகணும். டிவைஸ் மேனேஜர் திறந்தார், ஜிடிஎக்ஸ் 1050 டிஐன்னு இருந்துச்சு. டாஸ்க் மேனேஜர் திறந்தார், 4 ஜிபின்னு காட்டுச்சு. மைன்கிராஃப்ட் போட்டார், வழுக்கிட்டு ஓடுச்சு. "என் பையனும் இதே செட்லதான் சார் விளையாடறான், நம்பி எடுங்க"ன்னார். 20,000 யுபிஐ-ல போயிடுச்சு. பிள்ளையை வெச்சுப் பேசினா யாரும் மேல கேள்வி கேக்க மாட்டாங்கன்னு அந்த ஆளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

வீட்டுக்கு வந்த பிறகு சாதா மைன்கிராஃப்ட் ஓடுச்சு. ஒளி, நிழலை அழகாக்கற 'ஷேடர்' சேர்ப்பைப் போட்டதும் திரை முழுக்கக் கலர் கலரா கட்டம் கட்டமா சிதறி கேம் மூடிக்கிச்சு. ஜிடிஏ 5 ஊருக்குள்ள நுழையறப்பவே கறுப்புத் திரை. வேலரன்ட் வேன் 9001னு பிழை காட்டி உள்ளேயே விடலை.

ஜிபியு-இசட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, சின்ன ஃபைல், இன்ஸ்டால் கூட வேண்டாம். அதைத் திறந்தா கார்டு பேருக்கு முன்னாடி ஃபேக்னு எழுதியே காட்டுது. கார்டுக்குள்ள கணக்குப் போடற குட்டி யூனிட்களையும் ஷேடர்னுதான் சொல்றாங்க, அந்த எண்ணிக்கை 192. நிஜ 1050 டிஐ-ல 768 இருக்கணும். சிப் பேர் ஜிபி107னு வரணும், வந்தது ஜிஎஃப்106. அதாவது 2010-ல வந்த ஜிடிஎஸ் 450. நிஜ மெமரி 1 ஜிபி.

இதை எப்படிச் செய்யறாங்கன்னா, கார்டு தன் அடையாளத்தை வெச்சிருக்கிற பயாஸ் சிப்பை அழிச்சு, வேற பேரும் 4 ஜிபின்னு பொய்க்கணக்கும் எழுதிடறாங்க. விண்டோஸ் கார்டு சொல்றதைத்தான் திருப்பிச் சொல்லும். டிவைஸ் மேனேஜரும் டாஸ்க் மேனேஜரும் சாட்சியே கிடையாது. கேம் 1 ஜிபியைத் தாண்டற நிமிஷம் எழுத இடம் இல்லாம டிரைவர், அதாவது கார்டை இயக்கற மென்பொருள், விழுந்துடும். சாதா மைன்கிராஃப்ட் அந்த 1 ஜிபிக்குள்ளயே அடங்கிடும். வீடியோ காலில் அந்த கேமையே ஏன் போட்டார்னு இப்பப் புரியுதா? டிரைவரும் பழசு. ஜிடிஎஸ் 450 தலைமுறை கார்டுகளுக்கு, சிப் செய்யற என்விடியா கம்பெனி கொடுத்த வழக்கமான டிரைவர் 2018-ல 391.35-ஓட நின்னு போச்சு. விண்டோஸ் தானா புது டிரைவரை ஏத்திச்சுன்னா கோட் 43னு பிழை வந்து கார்டே செத்த மாதிரி ஆயிடும்.

வெளியில பார்த்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, பின்பக்க போர்ட். 1050 டிஐ சேர்ந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசை கார்டுகள்ல, பழைய விஜிஏ மானிட்டருக்கு வேண்டிய அனலாக் சிக்னலே கிடையாது. 1050 டிஐன்னு சொல்லி நீல நிற விஜிஏ போர்ட் இருந்தா அங்கேயே எழுந்து வந்துடலாம். டிவிஐ போர்ட் இருந்தா அதோட ஓரத்துல இருக்கிற தட்டையான நீளத் துளையைப் பாருங்க. அதைச் சுத்தி மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு ஓட்டை இருந்தா அது அனலாக்கும் தர்ற பழைய கார்டு. இந்தக் கார்டுல விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூணும் இருந்துச்சு. விளம்பரப் படத்துல பின்பக்கம் மட்டும் இல்லை.

பிராசசர் ஐ5-3470. 2012 மாடல், 4 கோர், எச்61 போர்டு. டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு வசதி கிடையாது, விண்டோஸ் 11-ஐ சோதனையை ஏமாத்தி ஏத்தி வெச்சிருக்காங்க. விண்டோஸ் 11-ல வேலரன்ட் டிபிஎம் 2.0-ம், கம்ப்யூட்டர் ஆரம்பிக்கறப்பவே சோதிக்கிற செக்யூர் பூட்டும் கேக்கும், அந்த வேன் 9001 பிழை இதனாலதான். எந்தக் கார்டு போட்டாலும் இதுல திறக்காது.

பவர் சப்ளைதான் பயமே. வெளியில 500 வாட் ஸ்டிக்கர். உள் லேபிள்ல 12 வோல்ட் வரிசையில 16 ஆம்ப். பெருக்குங்க, 192 வாட். பிராசசர் 77, அந்தப் பழைய கார்டு 106, மொத்தம் 183. மிச்சம் 9 வாட்ல போர்டும் மூணு கலர் ஃபேனும். கார்டுக்குப் போற 6 பின் ஒயரை, ஹார்ட் டிஸ்க்குக்கான மோலெக்ஸ் ஒயர்ல இருந்து இழுத்திருக்காங்க. குழந்தை தூங்கற ரூம்ல வைக்கிற சாமானா இது? ரேமும் எஸ்எஸ்டியும் சொன்னபடி இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

இதெல்லாம் படம் எடுத்து அனுப்பினா, முதல் பதில் "டிரைவர் அப்டேட் பண்ணுங்க சார்." அடுத்து, "அப்டேட் பண்ணினதாலதான் போச்சு." ஜிபியு-இசட் படத்துக்கு, "அது ஃப்ரீ சாஃப்ட்வேர், தப்பாத்தான் காட்டும்." சரி, சிப்பையே காட்டுவோம்னு ஹீட்சிங்க்கோட நாலு ஸ்பிரிங் ஸ்க்ரூவைக் கழட்டி, காரையா இறுகிப்போன பேஸ்ட்டைத் துடைச்சு, ஜிஎஃப்106னு பொறிச்சிருக்கறதை படம் எடுத்து அனுப்பினா, "திறந்துட்டீங்களா? வாரண்டி போச்சு சார்." கடைசியா "செகண்ட் ஹேண்ட்ல இதெல்லாம் சகஜம்"னு ஒரு உபதேசம், அப்புறம் பிளாக். பில்லுன்னு தந்த சீட்டுல "கேமிங் சிபியு செட் 1, ரூ.26,500", அவ்ளோதான். ஜிஎஸ்டி எண் இல்லை, மாடல் இல்லை, சீரியல் இல்லை. செயலிக்காரங்களோ, "நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் தளம் மட்டுமே"ன்னு ஒரே வரியை ஒட்டி ஒட்டி அனுப்பறாங்க. விளம்பரம் இன்னும் அங்கேதான் இருக்கு, அதே படம், அதே 26,500.

வரிசையா எழுதறேன்னு சொன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு. பிராசசரோட முழு எண்ணைக் கேளுங்க, 'ஐ5' மட்டும் போதாது. இன்டெல்னா 8-வது ஜெனரேஷனுக்குக் கீழ வேண்டாம். வீடியோ காலில் ஜிபியு-இசட் திறக்கச் சொல்லுங்க, மறுத்தா வெச்சுடுங்க. 2 ஜிபிக்கு மேல மெமரி கேக்கற கேம் ஒண்ணை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்க. கம்பெனிகள் கழிச்ச ஒல்லியான ஆபீஸ் பெட்டி, ஐ5-8500 மாதிரி, அதுல குட்டை சைஸ் ஜிடிஎக்ஸ் 1650 போட்டுக்கிறது உருப்படியான வழி. ஆனா தனியா பவர் ஒயர் கேக்காத 75 வாட் கார்டா இருக்கணும், கார்டைப் பெட்டியில மாட்டற குட்டை பிராக்கெட்டும் சேர்த்து வாங்கணும். அந்தப் பெட்டிகள்ல பல மாடலுக்கு சாதா பவர் சப்ளை பொருந்தாது. கார்டே வேண்டாம்னா, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ரைசன் 5 5600ஜி பிராசசர், 8 ஜிபி ரேம் ரெண்டா போடுங்க, ஒத்தை 16 போட்டா கேம் வேகம் நல்லாவே அடிவாங்கும். பார்சலைப் பிரிக்கிறதை ஆரம்பத்துல இருந்து வீடியோ எடுங்க. பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. 26,500-க்கு ரெண்டுலயும் புகார் பதிவாகியிருக்கு, இன்னும் ஒரு ரூபாய் திரும்பலை.