ரெம்ப்ராண்ட் வீடு, ஆம்ஸ்டர்டாம்: அச்சு அறையை அவசரமாகக் கடக்காதீர்கள்

பதினெட்டு வருடம் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவன் நான். அதனால், பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் வாழ்ந்து, இன்று அருங்காட்சியகமாக இருக்கும் யோடன்பிரேஸ்த்ராட் தெரு வீட்டில் என் கால் நின்றுவிட்ட இடம் அச்சு அறைதான்.

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்க விடுவது எட்சிங். அன்று செய்து காட்டிய பெண் தகட்டில் மையை அப்பி, துணியால் வழித்து, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு தேய்த்தார். ஒரு மூலையில் மட்டும் மையைக் கொஞ்சம் விட்டுவைத்தார். ஈரத் தாளை வைத்து, மேலே கம்பளி போட்டு, உருளைக்குள் ஓட்டி, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தார். விட்டுவைத்த இடம் அப்படியே இருட்டாக வந்திருந்தது! எங்கள் மெஷினில் ஆயிரம் தாளும் ஒரே மாதிரி வரவேண்டும். ரெம்ப்ராண்டோ ஒரே தகட்டில் தாளுக்குத் தாள் வெளிச்சத்தை மாற்றியிருக்கிறார்.

ரெம்ப்ராண்ட், நெதர்லாந்தின் லெய்டன் ஊரில் ஒரு மில்காரரின் மகன். 1639இல், 13,000 கில்டர் (அந்தக் கால டச்சு நாணயம்) விலைக்கு, பெரும்பகுதி கடன் வைத்து இந்த வீட்டை வாங்கினார். 1642இல் மனைவி சாஸ்கியா இறந்தபோது மகன் டைட்டஸுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அவருடைய புகழ்பெற்ற ஓவியம் ‘இரவுக் காவல்’ முடிந்ததும் அதே வருடம். 1656இல் திவால். அதிகாரிகள் அறை அறையாக வந்து 363 வரிகளில் சாமான்களை எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் இன்று வீட்டை மறுபடி நிரப்பியிருக்கிறார்கள். மாடியில் சிப்பி, பவளம், சிலைத் தலைகள் அடுக்கிய அறையில் நின்றபோது மனசு கனத்துவிட்டது. கடன் ஏறிக்கொண்டிருந்தபோதும் இதையெல்லாம் ஏலத்தில் தேடித் தேடி வாங்கியிருக்கிறார். வரைந்து பழக ஒரு பொருள் கிடைத்தால் அவரால் விட்டுவர முடியவில்லை, அவ்வளவுதான்.

சரி, போகிறவர்களுக்கு ஒன்று. அவருடைய பெரிய எண்ணெய் ஓவியங்களைப் பார்க்க இதே ஊரில் உள்ள ரைக்ஸ்மியூசியம் என்ற பெரிய அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். இங்கே இருப்பது அவர் கையால் ஆன எட்சிங்குகள். கிட்டத்தட்ட 290 செய்தார், பெரும்பாலானவை இவர்களிடம் உண்டு. தாள் வெளிச்சம் தாங்காது என்பதால் மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். அப்புறம், அச்சு செய்து காட்டும் நேரத்தை உள்ளே நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது தடவையும் போய் நின்றேன்.