வர்கான் எஸ்: பண்ணை வாசல் தொட்டியில் எவ்வளவு நம்பலாம்?

எல்லை தாண்டிப் பரவும் கோமாரி, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், மனிதரையும் தொற்றும் பறவைக் காய்ச்சல் என மூன்று வைரஸ்களுக்கும் ஒரே கரைசல் போதும் என்பதுதான் வர்கான் எஸ் (Virkon S) என்ற இந்த இளஞ்சிவப்புக் கிருமிநாசினிப் பொடியின் பெரிய பலம். கோமாரி வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் கொழுப்பைக் கரைக்கும் வெறும் சோப்பை நம்ப முடியாது. ஆனால் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6-க்குக் கீழே இறங்கினால், அதாவது அமிலம் கூடினால், அது தாக்குப்பிடிக்காது. வர்கானின் 1 சதவீதக் கரைசல் பிஎச் 3-க்கும் கீழே இருக்கும். அதில் உள்ள பொட்டாசியம் பெராக்ஸிமோனோசல்பேட் ஆக்ஸிஜனேற்றம் மூலமும் கிருமியைத் தாக்குகிறது.

லிட்டருக்கு 10 கிராம் என்பது அளவு. பண்ணை வாசலில் பூட்ஸை முக்கும் 20 லிட்டர் தொட்டிக்கு 200 கிராம். முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகு பொடியைத் தூவிக் கலக்குங்கள். மாற்றிச் செய்தால் தூசி கிளம்பி மூக்கையும் கண்ணையும் பதம் பார்க்கும். கையுறை, முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். ப்ளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

பலர் கோட்டை விடுவது சாணத்தில்தான். சாணமும் சேறும் ஒட்டிய பூட்ஸை நேராகத் தொட்டியில் முக்கினால், மருந்து கிருமியை எட்டுவதற்குள் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். ஆகவே இரண்டு தொட்டி வையுங்கள். முதல் தொட்டியில் சோப்புத் தண்ணீரும் பிரஷும்: அடிப்பாகத்தின் பள்ளங்கள் தெரியும் வரை தேய்க்க வேண்டும். அடுத்ததில்தான் வர்கான். முக்கி எடுத்ததும் கழுவாமல் ஈரமாகவே விடுங்கள். பரப்புகளுக்கு 10 நிமிடமாவது தொடர்பு நேரம் தேவை. வெளியில் போட்ட பூட்ஸ் உள்ளே வரவே கூடாது என்று பண்ணைக்கென்று தனி ஜோடி வைப்பது இதைவிட நம்பகமானது.

இளஞ்சிவப்பு வெளுத்தால் வீரியம் போய்விட்டது என்று அர்த்தம். நல்ல அம்சம்தான், ஆனால் சேறு கலங்கிய தொட்டியில் நிறம் எங்கே தெரியும்? கலங்கினாலே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். தொட்டிக்குக் கூரையும் வேண்டும், மழைநீர் சேர்ந்தால் அளவு குலைந்துவிடும்.

குறைகள்? நாளடைவில் இரும்பை அரிக்கும். 10 நிமிடம் கழித்து உலோகப் பாகங்களைத் தண்ணீரால் அலசுங்கள். மாடுகளுக்கு வரும் தோல் கழலை நோயை, கடிக்கும் பூச்சிகள் சுமந்து வருவதால், வாசல் தொட்டி அதைத் தடுக்காது. அதற்குத் தடுப்பூசியும் பூச்சிக் கட்டுப்பாடும்தான் வழி. பொடியில் ஈரம் பட்டுக் கட்டியாகியிருந்தால் அந்த டப்பாவை நம்பாதீர்கள்.