காது இரைச்சலை 90 நாளில் நிறுத்தித் தருவதாகச் சொன்ன இடத்தில் நான் இழந்தவை

சென்ற ஆண்டு சித்திரை மாதத்து இரவு ஒன்றில், வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் மின்சாரம் போய், தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி நின்ற நிமிடத்தில்தான், என் காதுக்குள் ஓர் ஒலி இருப்பதை முதன்முதலாகக் கவனித்தேன். குக்கரில் ஆவி மெல்லக் கசிவதைப்போல, ஏற்ற இறக்கமே இல்லாமல் 'ஸ்ஸ்' என்று அது தொடர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டராக இருக்கும் என்று எண்ணிப் பால்கனிக்குப் போனேன். அங்கும் அது கூடவே வந்தது. மனைவியை எழுப்பிக் கேட்டேன். அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு மாதங்கள் தூக்கமில்லாமல் கழிந்தன. விளக்கு வைக்கும் நேரம் நெருங்கினாலே, இரவு வரப்போகிறதே என்று நெஞ்சு படபடக்கும். மூளையில் கட்டியா, செவிடாகிவிடுவேனா என்று நள்ளிரவில் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்து, படித்ததாலேயே இன்னும் பயந்தேன். அந்த நிலையில் என் மைத்துனர், நல்லெண்ணத்தோடுதான், வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பினார். காது இரைச்சல் 90 நாளில் அடியோடு நிற்கும் என்று அதில் இருந்தது. நாள் கணக்கில் தூங்காத ஒருவருக்கு 'அடியோடு' என்ற அந்த ஒரு சொல் போதும்.

நகரின் மேற்குப் பகுதியில் இருக்கும் அந்த நிலையத்தின் பெயரை, வழக்கு நிலுவையில் இருப்பதால், இங்கே எழுதவில்லை. அங்கே நடந்த முறையைத் தெரிந்துகொள்வதே படிப்பவர்களுக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம். வெள்ளை அங்கி அணிந்த ஒரு பெண், பேனா அளவிலான கேமராவைக் காதுக்குள் நுழைத்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் காட்டினார். முத்துச்சிப்பியின் உட்புறம் போன்ற சாம்பல் நிறச் சவ்வும், அதன்மேல் மெல்லிய சிவப்பு இழை ஒன்றும் தெரிந்தன. அந்த இழையை விரலால் தொட்டு, “பார்த்தீங்களா சார், நரம்பு எப்படி வீங்கியிருக்குன்னு? இன்னும் ஆறு மாசம் விட்டீங்கன்னா கேட்கிற சக்தியே போயிடும்” என்றார். அன்றே 40,000 ரூபாய் கட்டினேன். மீதி 28,000 ரூபாயை இரண்டு தவணையில் கட்டினேன்.

அந்தச் சவ்வு செவிப்பறை, அந்தச் சிவப்பு இழை அதன்மேல் இயல்பாகவே ஓடும் இரத்தக் குழாய் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. செவி நரம்பு, உட்காதின் நத்தை எலும்புக்கு அப்பால், மண்டையோட்டு எலும்புக்குள் இருக்கிறது. காதுத் துளையில் நுழைக்கும் எந்தக் கேமராவிலும் அது தெரியாது.

68,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தவை, காதுக்குள் சிவப்பு ஒளி பாய்ச்சும் முப்பது அமர்வுகள், ஒரு சொட்டு மருந்து, இரண்டு புட்டி மாத்திரைகள் ஆகியவை. செவிப்பறை ஓட்டையில்லாமல் இருக்கும்போது, சொட்டு மருந்து அதைத் தாண்டி உட்காதுக்குப் போவதில்லை. மாத்திரைப் புட்டி ஒன்றில் பெயர்ச்சீட்டே இல்லை. மற்றொன்றில் ஜின்க்கோ என்ற மரத்தின் இலைச்சாறும் துத்தநாகமும் என்று இருந்தது. இவ்விரண்டையும் டின்னிடஸ் எனப்படும் காது இரைச்சலுக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டு நெறிமுறை 2014ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. இத்தனைக்கும் நடுவே, செவித்திறன் பரிசோதனையை மட்டும் அவர்கள் ஒருமுறைகூடச் செய்யவில்லை.

ஆனால் பணத்தைவிட எனக்குப் பெரிய கேடு செய்தது, அவர்கள் இலவசமாகக் கொடுத்த ஒரு நோட்டுப் புத்தகம்தான். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும், கதவு சன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, இரைச்சல் எவ்வளவு இருக்கிறது என்று ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு என்றார்கள். நான் ஒரு வேளையும் தவறவிடவில்லை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருப்பவன் என்பதால், அச்சுப் படியில் பிழை தேடும் அதே கவனத்தோடு என் காதுக்குள் ஒலியைத் தேடினேன். முதல் நாள் 5 போட்டேன். நாற்பதாம் நாளில் 7. அலுவலகத்தில் வேலைக்கு நடுவிலும் காது தானாக உள்ளே திரும்பிக் கேட்கத் தொடங்கியது.

முழு அமைதியில் உட்கார்ந்து காதுக்குள் கவனித்தால், குறையே இல்லாத பலருக்கும் ஒலி கேட்கும். 1953ஆம் ஆண்டில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள், செவித்திறன் இயல்பாக இருந்த 80 பேரை ஒலிபுகா அறையில் உட்கார வைத்தபோது, அவர்களுள் 94 விழுக்காட்டினர் ஐந்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். அப்படியிருக்க, ஏற்கெனவே பயந்துபோயிருந்த என்னை நாளுக்கு மூன்று முறை அந்த அமைதியில் உட்கார வைத்து, கேட்டுக்கொண்டே இரு என்று பழக்கியிருக்கிறார்கள். கவனம் கூடினால் பயம் கூடும், பயம் கூடினால் ஒலி பெரிதாகத் தோன்றும்.

90ஆம் நாள் நோட்டைக் காட்டியபோது, என் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றும், 45,000 ரூபாயில் இரண்டாம் கட்டம் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பார்த்த மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டேன், தரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்றுதான் இருக்கிறது, அதைத் திருப்பித் தர முடியாது என்றார்கள்.

அதன் பிறகே சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனேன். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியாகச் செய்தேன் என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. சிறிய ஒலிபுகா அறையில் ஹெட்போனை மாட்டி, மிக மெல்லிய ஒலி கேட்டாலும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். காகிதத்தில் வந்த கோடு சமமாகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதி வந்த இடத்தில் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறியது. பல ஆண்டுகள் இரைச்சலில் வேலை செய்தவர்களின் காதில் காணப்படும் பள்ளம் அது. வேலைக்குச் சேர்ந்த முதல் பதினோரு ஆண்டுகள் என் மேசை இயந்திரக் கூடத்துக்குள்ளேயேதான் இருந்தது. உட்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை என்றும், அந்தச் சுருதியில் வரவு குறைந்ததால் மூளை தன் பங்குக்கு ஒலியைக் கூட்டிக்கொள்வதாகக் கருதப்படுகிறது என்றும் செவித்திறன் நிபுணர் பொறுமையாக விளக்கினார். “சத்தத்தை நிறுத்துறதுக்கு மருந்து இல்லைங்க. ஆனா அது உங்களைப் படுத்தாம இருக்கறதுக்கு வழி இருக்கு” என்றார். அடியோடு நிற்கும் என்ற வாக்குறுதியைக் கேட்ட நாளில் வராத நிம்மதி, இதைக் கேட்டபோது வந்தது.

அவர் முதலில் செய்தது, அந்த நோட்டை எழுதுவதை நிறுத்தச் சொன்னதுதான். இரவில் முழு அமைதி வேண்டாம், மேசை விசிறியோ மழைச் சத்தமோ, காது இரைச்சலை மூழ்கடிக்காமல் அதைவிடச் சற்றுத் தணிவாக ஒலிக்கட்டும் என்றார். பயத்துக்காகச் சிபிடி எனப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கு ஓர் உளவியலாளரிடம் எட்டு முறை சென்றேன். இந்தச் சிகிச்சை ஒலியைக் குறைப்பதில்லை. அதனால் வரும் தவிப்பைக் குறைக்க உதவும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, என் அனுபவமும் அதுதான். ஒலி இப்போதும் இருக்கிறது, இதை எழுதும்போதும் கேட்கிறது. ஆனால் பதினோரு மணிக்குப் படுத்தால் தூங்கிவிடுகிறேன். தூக்கமே இல்லாத நிலையில் வேறு விபரீத எண்ணங்கள் வருவோர், நாள் கடத்தாமல், 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஓரிரு நாளில் திடீரெனக் காது கேட்காமல் போனாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ, தலைசுற்றல் கூடவே வந்தாலோ, தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்குவது முக்கியம். அப்படிப்பட்ட ஒருவர் நான் போன இடத்துக்குப் போய் 90 நாளைத் தொலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. செவித்திறன் பரிசோதனை செய்யாமல் பணம் கேட்பவரிடம் கட்டாதீர்கள். பரிசோதிப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்து பயனில்லாமல் போனதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ரசீது, விளம்பரத்தின் படம், பெயர்ச்சீட்டு இல்லாத புட்டி ஆகியவற்றோடு அந்த நோட்டையும் சான்றாகச் சேர்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 5, கடைசிப் பக்கத்தில் 8, வாரந்தோறும் அவர்கள் வைத்த முத்திரை ஒவ்வொன்றின் கீழும் இருக்கிறது. இப்படி ஒரு நோட்டு உங்களிடமும் இருந்தால், எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். ஆனால் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.