எச்சரிக்கை: நோயுள்ள பிள்ளையோடு துபாய் போகிறவர்கள் ‘பேமிலி பேக்கேஜ்’ ஏஜெண்டை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்து சபராளி (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்) வீடுகளில் ‘பேமிலி பேக்கேஜ்’ என்று ஒன்று விற்கிறார்கள். விசா, அட்டஸ்டேஷன் (சான்றிதழ்களுக்கு அரசு முத்திரை), இன்சூரன்ஸ், டிக்கெட் எல்லாம் ஒரே தொகைக்குள். பிள்ளைகள் ஆரோக்கியமாக இருந்தால் இதில் உள்ள ஓட்டை வெளியே தெரியாது. வலிப்பு, மூளை வாதம், வயிற்றில் உணவுக் குழாய், தொண்டையில் டிரக்கியாஸ்டமி (மூச்சுவிடத் துளை போட்டு வைத்த குழாய்) என்று இருக்கிற பிள்ளையோடு போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு குடும்பம் ₹1,80,000 கட்டியது. ஆறு வயதுப் பையன். மூளை வாதம், வலிப்பு, வயிற்றில் பட்டன் குழாய் (தோலோடு ஒட்டி பட்டன்போல் இருக்கும் உணவுக் குழாய்). “காக்கா (அண்ணன்), எல்லாம் நாங்க பாத்துக்கிறோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்று சொல்லி, நிரப்பாத படிவத்தில் வாப்பாவிடம் (பையனின் அப்பா) கையெழுத்து வாங்கினார் ஏஜெண்ட். துபாய் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வலிப்பு நிற்காமல் பையனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்சூரன்ஸ் கம்பெனி பழைய ரெக்கார்டைக் கேட்டது. விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘ஏற்கெனவே நோய் உண்டா?’ என்ற கேள்விக்கு நேரே, நீல மையில், ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக். அடியில் வாப்பாவின் கையெழுத்து. கிளெய்ம் அங்கேயே நின்றது. ஏஜெண்டுக்குப் போன் போட்டால், “அது கம்பெனி விஷயம் காக்கா, எங்களுக்கு விசாதான்” என்றார்.

அந்த ஒரு டிக்தான் எல்லாவற்றிலும் பெரிய மோசடி. ‘நோயைச் சொன்னால் விசா கிடைக்காது’ என்று பயமுறுத்தித்தான் அதைப் போடுகிறார்கள். இது பொய். அமீரகத்தில் குடியிருப்பு விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான்; சின்னப் பிள்ளைக்குக் கிடையாது. மறைப்பதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை, ஏஜெண்டுக்கு மலிவான பாலிசியைத் தலையில் கட்ட வசதி, அவ்வளவுதான். (ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளின் கதை வேறு. அங்கே பிள்ளைக்கும் பரிசோதனை உண்டு. சிகிச்சைச் செலவைக் கணக்குப் பார்த்து விசாவையே மறுக்கலாம். அங்கேயும் மறைத்தால் இன்னும் மோசம்.)

துபாயில் குடும்பத்தாருக்கு இன்சூரன்ஸ் எடுப்பது அழைத்துக்கொள்கிறவரின் பொறுப்பு. அங்குள்ள அடிப்படைத் திட்டத்தில் ஆண்டு வரம்பு 1,50,000 திர்ஹாம். முதல் முறை சேர்கிறவருக்கு, முன்பே இருக்கும் நோய்க்கும் நாள்பட்ட நோய்க்கும் 6 மாதக் காத்திருப்பு உண்டு. அந்த ஆறு மாதத்து டாக்டர், மருந்து, தெரபி செலவு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். வீட்டுக்கு வரும் நர்ஸ், சளி உறிஞ்சும் மெஷின், சக்கர நாற்காலி இவையெல்லாம் மலிவான பாலிசிகளில் வழக்கமாக விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். நோயின் பெயர், ஆபரேஷன் நடந்த தேதி, தினசரி மருந்து எல்லாம் எழுதி, நிரப்பிய படிவத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலக்குப் பட்டியலை வாட்ஸ்அப் வாய்ஸில் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். கம்பெனியின் மெயிலில் வர வேண்டும்.

அடுத்தது மருந்து. வலிப்புப் பிள்ளைகளுக்கு நம் ஊர் டாக்டர்கள் சாதாரணமாக எழுதும் குளோபசாம், குளோனசெபாம், பீனோபார்பிடோன், மூக்கில் அடிக்கும் மிடசோலம் எல்லாம் அமீரகத்தில் கட்டுப்பாட்டு மருந்துகள். கொண்டுபோக அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். ஏர்போர்ட்டில் பிடித்தால் மருந்தும் போகும், விசாரணையும் வரும். “சூட்கேஸுக்கு அடியில வச்சிடுங்க” என்று சொல்கிற ஏஜெண்டும் இருக்கிறார், கேட்காதீர்கள். மருந்து திடீரென்று நின்றால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாக வரலாம். டாக்டரின் கடிதத்தில் பிராண்ட் பெயர் மட்டும் போதாது. மருந்தின் மூலப் பெயர், ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம், சிரப் என்றால் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், டாக்டரின் பதிவு எண், எல்லாம் வேண்டும். ‘காலை 5 மில்லி’ என்று மட்டும் எழுதியிருந்தால், அங்கே வேறு அடர்த்தியில் சிரப் வாங்கும்போது டோஸ் இரட்டிப்பாகிவிடலாம், பாதியாகவும் ஆகலாம்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதுபோல் இருக்கும். ஊரிலேயே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 93, 94 சதவீதம் என்று நிற்கிற பிள்ளைக்கு மேலே போனால் இன்னும் இறங்கும். விமான நிறுவனத்தின் மெடிஃப் படிவத்தை (நோயாளி பறக்கத் தகுதியா என்று கேட்கும் மருத்துவப் படிவம்) டாக்டர் நிரப்பி, நிறுவனத்தைப் பொறுத்து 48 முதல் 72 மணி நேரத்துக்கு முன் கொடுத்திருக்க வேண்டும். பேக்கேஜ்காரர்கள் இதைத் தொடுவதே இல்லை. ராமநாதபுரத்திலிருந்து மதுரை வரை பிள்ளையைக் கொண்டுபோய், கவுன்டரில் நிறுத்தப்பட்டுத் திரும்ப வேண்டி வரும். சொந்த ஆக்சிஜன் சிலிண்டரை ஏற்ற விடமாட்டார்கள். கையடக்க கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் மெஷின்) என்றால் பயண நேரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு பேட்டரி கேட்பார்கள். நாலு மணி நேரப் பறப்புக்கு ஆறு மணி நேரம். உபரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், லக்கேஜில் கூடாது.

குழாய் விஷயம் சின்னதாகத் தெரியும், அங்கே போய்த்தான் கழுத்தைப் பிடிக்கும். பல நாடுகள் உணவுக் குழாய்க்கு என்ஃபிட் என்ற தனி இணைப்புக்கு மாறிவிட்டன. நம் மருந்துக்கடையில் வாங்கும் சாதாரண சிரிஞ்சின் முனை அதில் உட்காராது. பட்டனின் மேல் அச்சிட்டிருக்கும் பிரெஞ்சு அளவையும் (குழாயின் பருமன், Fr என்று இருக்கும்) சென்டிமீட்டர் நீளத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; உபரி பட்டன் ஒன்றும், நீட்டிப்புக் குழாய் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். டிரக்கியாஸ்டமி என்றால் அதே அளவில் ஒன்று, ஒரு அளவு சிறியதாக ஒன்று. மாற்றும்போது துளை சுருங்கிக்கொண்டால் சிறியதுதான் உள்ளே போகும். மெஷின்களுக்குப் பயம் வேண்டாம். அமீரகத்திலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் தட்டையான மூன்று முனை, அடாப்டர் போதும்.

அட்டஸ்டேஷனில் ஒரு ஏமாற்று. அமீரகம் அப்போஸ்டில் (ஒரே முத்திரையை உறுப்பு நாடுகள் ஏற்கும்) ஒப்பந்தத்தில் இல்லை. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாம் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகப் போக வேண்டும். அப்போஸ்டில் ஒட்டித் தந்து ‘முடிந்தது’ என்றால் பணம் வீண்.

இன்னொன்று: எமிகிரேட் உரிமம் என்று லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருப்பார்கள். அந்த உரிமம் வேலைக்கு ஆள் அனுப்பத்தான். குடும்ப விசாவுக்கோ இன்சூரன்ஸுக்கோ அது எந்த உத்தரவாதமும் இல்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், அந்த ‘இல்லை’ டிக் இருக்கும் பக்கத்தின் நகல், மூன்றையும் சேர்த்து வையுங்கள். நகல் கையில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள்.