லாரியில் ஆயில் தீயும் வாடையா? யாரையும் ஸ்பேனரைத் தொட விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மொத்தம் 2,540 சிங்கப்பூர் வெள்ளி போனது. லாரி இல்லாத நாட்களுக்கு வேன் வாடகை எடுத்தது தனி. கடைசியில் வாடையை நிறுத்தியது எண்ணெய் கசியாமல் அடைக்கும் 38 வெள்ளி ரப்பர் கேஸ்கெட் ஒன்றும் 22 வெள்ளிக் குழாய் ஒன்றும்தான். வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. ஆனாலும் பழைய டீசல் லாரி வைத்துப் பிழைப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். என்னிடம் நடந்தது உங்களிடம் நடக்க ரொம்ப நேரம் ஆகாது.

என்னுடையது பத்தடி லாரி, ஜப்பான் தயாரிப்பு, 2013இல் பதிவானது. 2023இல் சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமச் சான்றிதழை, ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். ஐந்தாண்டு எடுத்தால் அதற்குப் பிறகு நீட்டிக்க முடியாது, 2028இல் வண்டியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதுவரை எப்படியாவது ஓடினால் போதும் என்பது என் கணக்கு. தேக்காவில் நாலு உணவுக்கடைகளுக்கும் இரண்டு கேட்டரிங் சமையலறைகளுக்கும் காய்கறி போடுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பாசிர் பாஞ்சாங் மொத்தவிலைச் சந்தையில் நிற்காவிட்டால் அன்றைக்கு நல்ல முருங்கைக்காய் கிடைக்காது.

வாடையை முதலில் சொன்னது டிரைவர் தம்பிதான். "அண்ணே, சிக்னல்ல நிக்கும்போது அப்பளம் பொரிச்ச எண்ணெய் தீஞ்ச மாதிரி வருது" என்றான். பக்கத்துக் கடையில் எதையோ பொரிக்கிறார்கள் என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டேன். அதிகாலை நாலரை மணிக்கு எந்தக் கடையில் பொரிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரம் கழித்து நானே ஓட்டிப் போனபோது வீசியது. ஓடும்போது ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கில் நின்றால் இருபது, முப்பது விநாடியில் கியர் கம்பியின் அடியிலிருந்து மெல்ல ஏறி வருகிறது.

அன்றே மூன்று விஷயங்களைப் பார்த்தேன். ஆயில் கம்பியில் அளவு இரண்டு வாரத்தில் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. புகைபோக்கியில் நீலப் புகை இல்லை. கார்ப்பேட்டையில் நிறுத்தின இடத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பதில் முழுவதும் இந்த மூன்றிலேயே இருந்திருக்கிறது. அதைப் படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு ஒர்க்‌ஷாப்பைச் சொன்னார். "ஃபோர்மேன் நம்ம ஆளு, பார்த்துச் செய்வார்" என்றார். பெயரும் இடமும் இங்கே எழுதப் போவதில்லை, காரணம் பின்னால் வரும். ஃபோர்மேன் நன்றாகத்தான் பேசினார். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் விசாரித்தார், கோப்பி வாங்கிக் கொடுத்தார். எஞ்சினுக்கு மேலிருக்கும் சீட்டைத் தூக்கி டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தது பத்து விநாடி இருக்கும். விரலை உள்ளே விட்டு எடுத்து, கறுப்பு எண்ணெயை என் முகத்துக்கு நேரே காட்டினார். "டர்போ போச்சுண்ணே. இப்படியே ஓட்டினா ஒருநாள் சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிக்காது, ஓடியே வெடிச்சிரும்."

இதில்தான் நான் விழுந்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். டர்போவின் சீல் பழுதாகி, ஆயில் காற்று போகும் பக்கமாக உறிஞ்சப்பட்டால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும். யூடியூபில் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் சீல் அந்த அளவுக்குப் போயிருந்தால் முதலில் புகைபோக்கியில் நீலப் புகை வந்திருக்க வேண்டும், ஆயில் மளமளவென்று குறைந்திருக்க வேண்டும். என் வண்டியில் இரண்டும் இல்லை. உண்மையான ஒரு பயத்தை எடுத்து, சம்பந்தமே இல்லாத ஒரு வண்டியின் தலையில் கட்டினார்.

புது டர்போ என்று வாயால் சொன்னார். 1,650 வெள்ளி. இரண்டு நாளில் வண்டி வந்தது, வாடை போய்விட்டது. அவரைப் பற்றி நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்லவும் செய்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நாலாம் நாள் வாடை திரும்பியது.

திரும்பப் போனேன். இந்தமுறை வண்டியை லிஃப்டில் ஏற்றி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரமாக இருப்பதைக் காட்டினார். "பின்பக்க ஆயில் சீல். டர்போ போனப்போ இதையும் சேர்த்து அழுத்தியிருக்கு." கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 890 வெள்ளி. அதையும் கொடுத்தேன். மறுபடி நாலைந்து நாள் நிம்மதி, மறுபடி அதே அப்பள வாடை. மூன்றாவது முறை போனபோது கணக்குப் பொறியில் 4,800 என்று தட்டிக் காட்டினார், எஞ்சின் ஓவர்ஹால், அதாவது எஞ்சினை முழுவதும் பிரித்துச் சரிசெய்வது. 2028இல் உடைக்கப் போகிற வண்டிக்கு! அங்கேதான் எனக்கு உறைத்தது. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஒவ்வொரு முறையும் ஏன் நாலு நாள் வாடை நின்றது? இதைப் பிறகு விளக்கியது எங்கள் புளோக்கில் ஆறாவது மாடியில் இருக்கும் அங்கிள். முப்பது வருஷத்துக்கு மேல் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "பார்ட்டைக் கழற்றணும்னா சுத்தி இருக்கிற எண்ணெயைத் துடைப்பாங்கல்ல, அதான். துடைச்சது திரும்ப ஊற நாலு நாள் ஆகுது. நீ துணிக்குத்தான் ரெண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்திருக்கே" என்றார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்ப்பேட்டையில் எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. அதனால் காக்கி புக்கிட்டில் அவருடைய நண்பர் வைத்திருக்கும் சின்னக் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

அங்கிள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலில் எந்த நட்டையும் தொடவில்லை. ஆறின எஞ்சினில் டிகிரீசர் அடித்து, மின்சார இணைப்புகளைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, பிரஷ் போட்டுக் கழுவினார். காய்ந்ததும் பேபி பவுடர் டப்பாவை எடுத்து, எஞ்சினின் தலையை மூடும் டேப்பட் கவரின் ஓரம், டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய், ஆயில் ஃபில்டரின் கழுத்து, கீழே எஞ்சினின் பின்பக்கம் என்று எல்லா இடத்திலும் மெல்லியதாகத் தூவினார். எஞ்சின் குழந்தை மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. என்னைப் புக்கிட் தீமா வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார்.

வந்ததும் சீட்டைத் தூக்கினோம். டர்போவின் மேல் பவுடர் அப்படியே இருந்தது. ஆயில் குழாய் சுத்தம். டேப்பட் கவரின் பின்மூலையில் மட்டும், ஒரு தீக்குச்சி அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. அது கீழே இறங்கி நேராகப் புகைக்குழாயின் மேல் விழுகிறது. மிச்சம் எஞ்சினின் முதுகில் வழிந்து கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் போய்த் தேங்குகிறது. இரண்டாவது முறை ஃபோர்மேன் காட்டிய ஈரம் அதுதான். "எண்ணெய் மேலேருந்து கீழேதான் வரும். ஈரம் எங்கே இருக்குன்னு பார்க்காதே, எங்கே ஆரம்பிக்குதுன்னு பாரு" என்றார் அங்கிள். ஓடும்போது காற்று வாடையை அடித்துக்கொண்டு போகிறது. நின்றால் மேலே ஏறி, கியர் கம்பியைச் சுற்றியிருந்த கிழிந்த ரப்பர் வழியாக உள்ளே வருகிறது. சொட்டு தரையில் விழாததற்கும் காரணம் அதுவே, சூட்டிலேயே எரிந்துவிடுகிறது. வாடைதானே என்று விடவும் கூடாது. எண்ணெய் அதிகமாகக் கசிந்து சூடான புகைக்குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

கவரைக் கழற்றினார். பழைய கேஸ்கெட் ரப்பர் என்றே சொல்ல முடியாது, கையில் எடுத்ததும் முறுக்கு மாதிரி ஒடிந்தது. புதிதை மாட்டினால் முடிந்தது என்று நான் நினைத்தேன், அவர் விடவில்லை. பழைய கேஸ்கெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் துளையின் மேல் தலைகீழாக வைத்துப் பார்த்திருந்தார். மூடி கொதிக்கும் பானையின் தட்டு மாதிரி துள்ளியது. உள்ளே அழுத்தம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாயைக் கழற்றினால் உள்ளே சேறு போல் கரி அடைத்திருந்தது. மூச்சு வெளியே போக வழியில்லாமல் பலவீனமான இடத்தில், அதாவது காய்ந்துபோன கேஸ்கெட்டில், எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. குழாயை மாற்றி, வழியைச் சுத்தம் செய்து, மறுபடி மூடியை வைத்தபோது லேசாக நடுங்கியதோடு சரி. குழாயை மாற்றிய பிறகும் துள்ளியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அப்போது ஓவர்ஹாலைப் பற்றி யோசிக்கலாம் என்றார். அந்த 4,800 வெள்ளிக் கேள்விக்கு ஒரு மூடியை வைத்தே பதில் கண்டுபிடித்துவிட்டார். கவர் போல்ட்டுகளை அளவு பார்த்து, குறுக்கும் நெடுக்குமாக, மெதுவாகத்தான் இறுக்கினார். ஆத்திரத்தில் இறுக்கினால் கவர் வளைந்து மறுபடி கசியுமாம். கடைக்காரர் கூலி 100 வெள்ளி.

பவுடரைத் துடைக்கும்போதுதான் டர்போ விஷயம் வெளியே வந்தது. புதிது என்று சொன்ன டர்போவின் மேல் வெள்ளிப் பெயின்ட். அங்கிள் நகத்தால் சுரண்டினார், அடியில் துரு. என் ஃபோனில் முதல் நாள் வாடைக்காக எடுத்த படங்கள் இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தால் டர்போவின் தகட்டில் உள்ள எண் அதேதான், ஓரத்தில் இருந்த நசுங்கல் உட்பட. கழற்றிக் கழுவிப் பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ரசீதில் "டர்போ சர்வீஸ்" என்றுதான் இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பங்கு என் முட்டாள்தனம்.

ஃபோர்மேனிடம் படத்தைக் காட்டினேன். அண்ணே, அண்ணே என்றவர் அன்றைக்கு மிஸ்டர் என்று கூப்பிட்டார். ரசீதைப் பாருங்கள் என்றார், அவ்வளவுதான்.

பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். அது தனிப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு. என் லாரி கம்பெனி பெயரில் இருப்பதால் எனக்கு வழி சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல்தான். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இணையத்திலேயே பதிவு செய்யலாம். வக்கீல் வைக்க முடியாது என்பதால் என்னைப் போன்றவனுக்கு நல்லது. தேதி போட்ட படங்கள், ரசீதுகள், வாட்ஸ்அப்பில் அவரே "புது டர்போ வந்துருச்சுண்ணே" என்று அனுப்பிய குரல் பதிவு, எல்லாவற்றையும் இணைத்தேன். குரல் பதிவை அவர் மறந்தேபோயிருந்தார். விசாரணைக்கே போகவில்லை, முதல் ஆலோசனைச் சந்திப்பிலேயே 1,100 வெள்ளி தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆயில் சீல் காசு வரவில்லை. அதை உண்மையிலேயே மாற்றியிருந்தார்கள், தேவையே இல்லாமல். பெயரை வெளியிடமாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன். அதனால் இன்பாக்ஸில் வந்து எந்த ஒர்க்‌ஷாப் என்று கேட்காதீர்கள்.

பத்து வயது தாண்டிய சரக்கு வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் இல்லையா, சென்ற வாரம்தான் போய்வந்தேன். கசிவு என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கிள் காசு வாங்கவில்லை. சனிக்கிழமைதோறும் முருங்கைக்காயும் பாகற்காயும் அவர் வாசலில் வைக்கிறேன். ஒடிந்த கேஸ்கெட் துண்டுகளை ஒரு பையில் போட்டு டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். டயர் மாற்றப் போனாலும் இப்போதெல்லாம் கழற்றின பழைய பொருளைக் கையில் கொடுத்தால்தான் காசை எடுக்கிறேன். டிரைவர் தம்பிக்கு அதில் கொஞ்சம் வெட்கம், தள்ளிப் போய் நின்றுகொள்கிறான்.