ஆர்.வி. கூரையில் சோலார்: ஒட்டுவதா, முடுக்குவதா?

அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கிறோம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் 24 அடி நீள ஆர்.வி. டிரெய்லர் ஒன்றை, அதாவது உள்ளேயே தங்கிச் சமைத்துத் தூங்குகிற வீட்டு வண்டியை, பழையதாக வாங்கினோம். பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வகை. குளிர்காலத்தில் குவார்ட்சைட் பாலைவனம், கோடையில் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்துப் பைன் காடு என்று வருஷத்துக்கு ஏழெட்டுப் பயணம் போவோம். நாங்கள் தங்கும் இடங்களில் கரண்ட் இணைப்பு கிடையாது. அதனால் வாங்கிய முதல் மாதமே வீட்டில் சோலார் பேச்சு வந்துவிட்டது.

முதலில் வளையும் பேனல்களை வாங்கிக் கூரையோடு ஒட்ட வைத்தோம். அவை மூன்று வருஷம் இருந்தன. இப்போது இரண்டு வருஷமாக, அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடி பேனல்கள் ஸ்க்ரூ முடுக்கி நிற்கின்றன. இரண்டுமே 400 வாட். இரண்டுக்கும் கைக்காசு போட்டுப் பார்த்துவிட்டேன். நான் கண்ணாடி பேனலின் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரண்ட் எவ்வளவு வருகிறது என்பதைவிட, கூரை என்ன ஆகிறது என்பதுதான் என்னை அந்தப் பக்கம் தள்ளியது.

எடை, விலை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 100 வாட் கண்ணாடி பேனல் சுமார் 7 கிலோ, வளையும் பேனல் சுமார் 2 கிலோ. நாலு மாட்டினால் வித்தியாசம் 20 கிலோ. எங்கள் தண்ணீர் டேங்க் 40 கேலன், நிரப்பினால் 150 கிலோ. ஐந்து கேலன் தண்ணீரைக் குறைத்து ஏற்றினால் அந்த 20 கிலோ சரியாகிவிடும். விலையில், வாட்டுக்கு வாட் பார்த்தால் கண்ணாடிதான் மலிவு. பார்வைக்கு வளையும் பேனல் அழகு, கீழே நின்று பார்த்தால் இருப்பதே தெரியாது. நெடுஞ்சாலையில் காற்று அடியில் புகுந்து தூக்குமோ என்கிற பயமும் இல்லை.

ஆனால் எங்களை வளையும் பேனல் வாங்க வைத்தது வேறு ஒன்று. ஓட்டை போட வேண்டாம் என்பதுதான். ஆர்.வி. வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர்க் கசிவை விடப் பெரிய பயம் கிடையாது. நல்லாயிருக்கிற ரப்பர் கூரையில் ட்ரில்லை வைத்துப் பதினாறு ஓட்டை போடுவதா என்று எனக்கும் கை நடுங்கியது. ஒட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் மனசு அந்தப் பக்கம்தான் போகும். இன்றைக்கும் அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது தப்பான இடத்தில் வைத்த பயம் என்று புரிய எனக்கு மூன்று வருஷம் ஆனது.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிலிக்கான் செல் 25 டிகிரி செல்சியஸில் கொடுக்கிற அளவைத்தான் பேனலின் பின்னால் அச்சடித்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். அரிசோனா ஜூன் மதியத்தில் வெளியே 40 டிகிரி என்றால், அடியில் காற்றோட்டம் உள்ள கண்ணாடி பேனலின் செல்லே 70 டிகிரியைத் தொடும். 45 டிகிரி கூடுதல் என்றால் 16 சதவீதம் போச்சு. அடியில் காற்றே போகாமல் ரப்பரோடு ஒட்டிக் கிடக்கும் பேனல் இதைவிடச் சூடாகும். எவ்வளவு என்று நான் அளந்து பார்க்கவில்லை. என்னிடம் இருந்தது, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற சார்ஜ் கன்ட்ரோலர் காட்டிய எண்கள் மட்டும்தான்: முதல் கோடையில் மதியம் 300 வாட் வரை வந்தது, மூன்றாவது கோடையில் 220 தாண்டவில்லை. மேலே உள்ள பிளாஸ்டிக் தாள் மஞ்சளாகி, இரண்டு பேனலில் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி கோடுகள் ஓடியிருந்தன. எங்களுடையது பெட் (PET) என்கிற, தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்கில் மேலுறை போட்டது. இப்போது இடிஎஃப்இ (ETFE) என்கிற வேறு வகைப் பிளாஸ்டிக் உறையோடு வருபவை வெயிலை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதை நான் வைத்துப் பார்த்ததில்லை, அதனால் என் எண்களை அதன் மேல் ஏற்ற வேண்டாம்.

சரி, கூரைக்கு வருவோம்.

எங்கள் டிரெய்லரின் மேலே இருப்பது இபிடிஎம் என்கிற வெள்ளை ரப்பர் தாள். சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம்தான். அதை மெல்லிய பிளைவுட்டின் மேல் பசை போட்டு விரித்திருக்கிறார்கள். பிளைவுட்டுக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள். அந்த ரப்பரில் ஏசி, காற்றுப் போக்கி, குளியலறை மேல்ஜன்னல், கழிவுநீர்க் குழாய் மூடி என்று ஏற்கெனவே பல துளைகள் உண்டு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலன்ட் பசை பூசியிருக்கும். வெயிலில் அந்தச் சீலன்ட் காய்ந்து வெடிக்கும். அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது மேலே ஏறி, விளிம்பு விளிம்பாகப் பார்த்து, வெடித்த இடத்தில் புதுச் சீலன்ட் ஊற்ற வேண்டும். ரப்பரைக் கழுவவும் வேண்டும், ஏனென்றால் இபிடிஎம் வயசாக ஆக மேலே சுண்ணாம்புப் பொடி மாதிரி உதிரும். மழை பெய்தால் வண்டியின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடாக வழிவது அதுதான்.

இந்தக் கூரையின் மேல் ஒரு பேனலை ஒட்டினால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பேனல் ஒட்டியிருப்பது ரப்பரோடு. ரப்பர் ஒட்டியிருப்பது பிளைவுட்டோடு, பழைய பசையால். பேனலை ஒட்டுகிற டேப் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், மொத்தப் பிடிமானம் அந்தப் பழைய பசையின் பலம்தான். ஒட்டுவதற்கு முன்னால் பொடியைச் சரியாகத் துடைக்கவில்லை என்றால் அந்த அளவுக்குக்கூட வராது. அப்புறம், பேனல் மூடிய இடத்தை இனிமேல் கழுவ முடியாது, பார்க்கவும் முடியாது. எங்களுக்கு ஒட்டிக் கொடுத்த கடை, இடம் பற்றாமல் ஒரு பேனலின் ஓரத்தைக் காற்றுப் போக்கியின் சீலன்ட் மேலேயே ஏற்றி ஒட்டியிருந்தது. வேலை முடிந்த அன்று நானும் மேலே ஏறிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷமாக இறங்கினேன்.

மூன்றாவது வருஷம் ஆகஸ்ட் மாதம். இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம், மாலையில் திடீரென்று புழுதிக் காற்றோடு கொட்டும். அப்படி ஒரு மழைக்கு மறுநாள், கட்டிலுக்கு மேலே பழுப்பாக ஒரு வட்டம் இருப்பதாக மனைவி கூப்பிட்டுக் காட்டினார். மேலே ஏறிப் பார்த்தால் அந்தப் பேனலின் ஒரு மூலை தூக்கியிருக்கிறது. அடியில் மூன்று வருஷத்துத் தூசியும் ஈரமும். சீலன்ட் வெடித்திருந்தது தெரிந்தது, ஆனால் அதை எட்ட முடியவில்லை. பேனலை எடுத்தால்தான் சீலன்ட் பூச முடியும். பிளாஸ்டிக் கத்தி, ஹீட் கன் எல்லாம் வைத்து ஒரு நாள் முழுக்கப் போராடினேன். தூக்கியிருந்த மூலை வந்தது. மீதி, ரப்பரையும் கிழித்துக்கொண்டுதான் வந்தது. அடியில் பிளைவுட் விரலால் அழுத்தினால் உள்ளே போகிற பதத்தில் இருந்தது. இரண்டடிக்கு மூன்றடி அறுத்தெடுத்துப் புதுப் பலகை வைத்து, ரப்பர் ஒட்டுப்போட்டு மூட வேண்டி வந்தது. கசிவுக்குப் பயந்து ஓட்டையே போடாத கூரை அது.

அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கணக்கு புரிந்தது. பேனல், கூரை இரண்டில் எதன் ஆயுள் முதலில் முடியும்? நன்றாகப் பராமரித்த ரப்பர் கூரை பத்து, பதினைந்து வருஷம் போகும். கண்ணாடி பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் சாதாரணமாகக் கிடைக்கிறது. வளையும் பேனலுக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஐந்து வருஷம்தான். ஆக, ஒட்டிய பேனலைக் கூரையின் ஆயுளுக்குள் ஒரு தடவையாவது பிடுங்கியே ஆக வேண்டும். பிடுங்கும்போது கூரையும் சேர்ந்து வரும். கண்ணாடி பேனல் எனக்கு இந்தக் கூரையைத் தாண்டி அடுத்த கூரையிலும் வேலை செய்யும். எந்தப் பேனலை வாங்கினாலும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதைக் கழற்ற வேண்டிய நாள் வந்தால் எப்படிக் கழற்றுவது என்பதுதான்.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் இரண்டாவது தடவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். பேனலைத் தாங்க இசட் எழுத்து மாதிரி வளைத்த சாதாரண பிராக்கெட்டில் போல்ட் சட்டத்துக்கு அடியில் வரும், கை நுழைத்துக் கழற்றுவது சிரமம். அதனால் பக்கவாட்டில் கைத்திருகு உள்ள கால்களை வாங்கினேன். கால் கூரையில் நிரந்தரமாக நிற்கும், பேனல் மட்டும் தனியாக வரும். கூரையைத் தட்டிப் பார்த்துக் குறுக்குச் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்று கண்டுபிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, முடிந்தவரை அந்தக் கோட்டில்தான் ஸ்க்ரூ விழும்படி பேனல்களை அமைத்தேன். வெறும் பிளைவுட்டில் முடுக்கிய ஸ்க்ரூவை நெடுஞ்சாலைக் காற்று அசைத்துக்கொண்டே இருக்கும், ஓட்டை அப்படித்தான் பெரிசாகும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர் டேப், மேலே ஸ்க்ரூத் தலையை மூழ்கடிக்கும் அளவுக்கு ஆர்.வி. கூரைக்கென்றே வரும் டைகார் சீலன்ட். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கோனை இங்கே தொடவே கூடாது. அதன் பிடிப்பு விட்டுப்போன பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. காற்றுப் போக்கிகளைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டேன். ஒயருக்குப் புது ஓட்டை போடவில்லை. எங்கள் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிற பழைய வகை, அதன் புகைபோக்கி மேலே திறந்திருக்கும், அது வழியாக இறக்கிவிட்டேன்.

போன அக்டோபரில் ஏசி பக்கத்துச் சீலன்ட் வெடித்திருந்தது. இரண்டு பேனலைக் கழற்றி, கழுவி, பூசி, காயவிட்டு, மறுநாள் திரும்ப மாட்டினேன். கழற்றி மாட்டிய வேலை மட்டும் பார்த்தால் முக்கால் மணி நேரம்.

இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது, நான் எதிர்பார்க்காதது. டிசம்பரில் குவார்ட்சைட்டில் மதியச் சூரியனே அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். படுத்துக் கிடக்கும் பேனலுக்கு நேர்வெயிலில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கும். கைத்திருகு வைத்த பேனலைத் தெற்கே பார்த்துச் சாய்த்து நிறுத்தலாம். குவார்ட்சைட் பக்கத்தில் லா போசா என்கிற அரசு முகாம் நிலத்தில் 14 நாள் அனுமதி எடுத்துத் தங்கும்போது நான் சாய்த்து வைக்கிறேன், இரண்டு இரவுத் தங்கலுக்கு ஏறுவதில்லை. காற்று பலமாக அடித்தால் இறக்கியாக வேண்டும், கிளம்பும் முன் மறக்காமல் இறக்கியாக வேண்டும். ராத்திரி ஹீட்டர் விசிறி ஓடுகிற மாதத்தில் அந்தக் கூடுதல் கரண்ட் நன்றாகத் தெரிகிறது. மிக்ஸி எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. 750 வாட் மிக்ஸியில் இரண்டு நிமிஷம் தேங்காய்ச் சட்னி அரைத்தால் 25 வாட்-அவர்தான். கூரை ஏசியை மட்டும் 400 வாட்டில் ஓட்ட நினைக்காதீர்கள், எந்தப் பேனல் போட்டாலும் அது நடக்காது.

மடக்கி எடுத்துப் போகிற பேனலைப் பற்றியும் கேட்கிறார்கள். அது கூரையைத் தொடுவதே இல்லை என்பதால் என் கணக்குப்படி அதுதான் ஜெயிக்க வேண்டும். ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர் உயரம், ஜூலையில் சாண்ட்லர் சூட்டிலிருந்து தப்பித்து அங்கே போனால் நிழல் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவோம். நிழலில் கூரைப் பேனல் சும்மா கிடக்கும். நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு பயணம் முழுக்க 200 வாட் மடக்குப் பேனலை வைத்துப் பார்த்தேன். வண்டி நிழலில், பேனல் முப்பது அடி தள்ளி வெயிலில் என்று அருமையாக வேலை செய்தது. ஆனால் வெயில் நகர நகர நாமும் நகர்த்த வேண்டும், வெளியே கிளம்பினால் மடக்கி உள்ளே வைக்க வேண்டும், ஓடும்போது சார்ஜ் ஆகாது. ஒரு பயண அனுபவத்தை வைத்து இதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பைன் காட்டுக்கு மட்டுமே போகிறவராக இருந்தால் நான் அதைத்தான் முதலில் வாங்கியிருப்பேன்.

வளையும் பேனல் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் மாதிரி வளைந்த அலுமினியக் கூரையில் சட்டம் போட்ட பேனலைப் பொருத்துவது பெரிய வேலை. அங்கே ரப்பர் தாளே இல்லை, ஒட்டுவது உலோகத்தோடு. ஃபைபர்கிளாஸ் கூரையிலும் நிலைமை வேறு. கூரையைத் தூக்கித் திறக்கிற சின்ன வேனில் ஒவ்வொரு கிலோவும் கையில் தெரியும். இவர்கள் ஒட்டலாம். ஒட்டும்போது கூரைமேல் நேராக ஒட்டாமல், நடுவில் மெல்லிய பாலிகார்பனேட் பலகை ஒன்றை வைத்து அதன்மேல் ஒட்டினால் அடியில் கொஞ்சம் காற்று போகும், பிறகு எடுக்கவும் சுலபம் என்று குவார்ட்சைட்டில் ஒருவர் தன் வேனில் செய்து காட்டினார்.

எங்கள் தெருவில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இந்த வசந்தத்தில் டிரெய்லர் வாங்கியிருக்கிறது. ரப்பர் கூரைதான். போன சனிக்கிழமை ஏணியோடு போனேன். பேனலை எங்கே வைப்பது என்று அவர் கேட்டார். அதற்கு முன்னால் சீலன்ட் விளிம்புகளையெல்லாம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏசிக்குப் பின்னால் ஒரு இடத்தில் இப்போதே வெடிப்பு இருந்தது. அதைப் பூசிக் காயவைத்துவிட்டு, அடுத்த வாரம் குறுக்குச் சட்டங்களைத் தட்டிப் பார்க்கப் போகிறோம்.